போர் தண்ணீருக்கு எந்த சிக்லிட்?

கேள்வி: நான்கடித் தொட்டி வாங்கியிருக்கிறோம். மகன் ஆஸ்கர் மீன் கேட்கிறான். கடைக்காரர் ஆப்பிரிக்க சிக்லிட் குடும்ப மீன்களை வைக்கச் சொல்கிறார். வீட்டில் போர் தண்ணீர்தான். எதை வாங்கலாம்?
- வாசகி, திருநகர், மதுரை

பதில்: வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படிகிறதா? அப்படியானால் கடைக்காரர் சொல்வதுதான் சரி. அவர் சொல்லும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு சுண்ணாம்புச் சத்து மிகுந்த, பி.எச். (அமில-கார அளவு) 7.8 முதல் 8.6 வரையுள்ள தண்ணீர்தான் ஒத்துவரும். ஆஸ்கரும் சிக்லிட்தான், ஆனால் அமேசான் மீன். நம் தண்ணீருக்கு ஓரளவு பழகிவிடும். ஆனால் ஓர் அடி நீளம் வளரும், உங்கள் தொட்டியில் ஒன்றுக்குத்தான் இடம். செல்லூரில் நான் வளர்த்த ஆஸ்கர், நான் தீனி டப்பாவைத் தொட்டதுமே கண்ணாடியோரம் வந்து நிற்கும். அந்த ஒட்டுதல் மலாவி மீனிடம் அவ்வளவாகக் கிடைக்காது.

மலாவி என்றால் முதலில் கற்களை அடுக்கி, அப்புறம் மணலைப் போடுங்கள். இவை மணலைத் தோண்டும். மணல் மேல் வைத்த கல் சரிந்துவிடும். ஒரு ஆணுக்கு மூன்று பெண்களாவது வேண்டும். பாசி தின்னும் முபூனா வகைக்குப் புழு, இறைச்சி வேண்டவே வேண்டாம். புழு போட்டு, வயிறு உப்பி நான்கு மீன்கள் செத்ததைப் பார்த்தவன் நான்.

பெண் மீன் முட்டைகளை வாயிலேயே மூன்று வாரம் வைத்து அடைகாக்கும். தாடை உப்பியிருக்கும், தீனியைத் தொடாது, பயப்படாதீர்கள். நம் ஜிலேபிக் கெண்டையும் அப்படித்தான். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க சிக்லிட் அது! மகனுக்குக் காட்டுங்கள்.

ஆஸ்கரையும் மலாவியையும் ஒரே தொட்டியில் விட்டுவிடாதீர்கள்.