பாராசெய்லிங் ஆயிற்று, அடுத்து பாராகிளைடிங்: கே.எல். பக்கம் எப்படித் தொடங்குவது?

கேள்வி: பினாங்கு பத்து பிரிங்கியில் படகு இழுக்கும் பாராசூட்டில் ஏறியாகிவிட்டது. கே.எல். (கோலாலம்பூர்) பக்கம் பாராகிளைடிங் செய்ய ஆசை. உயரம் என்றால் கொஞ்சம் பயம். எங்கே, எப்படி ஆரம்பிப்பது? ஆபத்தா?

பத்து பிரிங்கியில் நீங்கள் ஏறியது பாராசெய்லிங். படகு ஓடும்வரைதான் அந்தப் பறப்பு. பாராகிளைடரில் இழுக்கும் கயிறும் கிடையாது, எஞ்சினும் கிடையாது. மலைச்சரிவில் ஓடி இறக்கையை எழுப்பி, சொந்த எடையின் பலத்தில் சறுக்கிக்கொண்டே இறங்குகிறீர்கள். தொடக்கநிலை இறக்கை அசையாத காற்றில் 1 மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 8 மீட்டர் முன்னே போகும். 200 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பினால் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம், நேரத்தில் மூன்று நிமிடம், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒருவர் அரை மணி நேரம் வானத்தில் நிற்கிறார் என்றால் அது மேலெழும் காற்றின் தயவு: ஒன்று, மலைச்சரிவில் மோதி ஏறும் காற்று, இல்லையென்றால் வெயிலில் சூடான தரையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்று.

கே.எல்.காரர்கள் வழக்கமாகச் சொல்லும் இடங்கள் இரண்டு. பந்திங் பக்கம் புக்கிட் ஜுக்ரா, வடக்கே கோல குபு பாரு. ஜுக்ராவுக்கு மலாக்கா நீரிணையின் கடற்காற்று. கீழே பார்த்தால் செம்பனைத் தோட்டம். கோல குபு பாரு மலைகளுக்கு நடுவே இருப்பதால் காற்றின் குணமே வேறு. இரண்டு இடத்திலும் அனுமதி நிலவரம் மாறக்கூடியது. திறந்திருக்கிறதா என்று கேட்காமல் வண்டியை எடுக்காதீர்கள். செப்பாங் விமான நிலையம் ஜுக்ராவிலிருந்து அதிக தூரமில்லை. எவ்வளவு உயரம்வரை பறக்கலாம் என்பதையும் அங்கே பறப்பவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆபத்தா என்றால், ஆமாம். ஆனால் பயப்பட வேண்டியது உயரத்துக்கு அல்ல, வானிலைக்கு. இறக்கையின் சாதாரண வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் அளவில்தான். எதிர்க்காற்றும் அதே 36 என்றால் அந்தரத்தில் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அதைத் தாண்டினால் பின்னோக்கிப் போய், மலை முதுகுக்குப் பின்னால் காற்று சுருண்டு விழும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். புதியவருக்குச் சரிவை நோக்கி நேராக வரும் 10 முதல் 20 கிலோமீட்டர் காற்று போதும். 12 என்று காட்டுகிற காற்று திடீரென்று 25 ஆகி மறுபடி அடங்கினால், சராசரி நன்றாகத்தானே இருக்கிறது என்று கிளம்பக்கூடாது.

நம் ஊரில் இன்னொன்று, மத்தியான இடி மழை. காலையில் பஞ்சுபோல் இருக்கும் மேகம் மூன்று மணிக்குள் கோபுரமாகிவிடும். மழை இன்னும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் பெய்துகொண்டிருக்கும்போதே, அதன் குளிர்காற்று தரையோடு பரவி வந்து இறக்கையைப் புரட்டிவிடும். மேகத்துக்குக் கீழே போனாலோ அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலா என்ற ஊரில் ஏவா விஷ்னியர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை இடிமேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துப்போனது. மூர்ச்சையாகி, பனி மூடி, எப்படியோ பிழைத்து இறங்கினார். அவர் கைதேர்ந்தவர். ஆகவே தூரத்தில் இருண்டால் இறங்கிவிட வேண்டும். தரையில் இருந்தால் பையைக் கட்ட வேண்டும். “இன்றைக்குக் காற்று சரியில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறேன்” என்று சொல்லும் பைலட் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

முதலில் டாண்டம், அதாவது இருவர் பறப்பு. பைலட் பின்னால், நீங்கள் முன்னால். கணுக்காலைப் பிடிக்கும் காலணி, நீளக் கால்சட்டை போதும். லேசாகப் பசியாறிவிட்டுப் போங்கள். வெறும் வயிறும் குமட்டும், நிறைந்த வயிறும் குமட்டும். எடை வரம்பு உண்டு, பதிவு செய்யும்போதே உண்மை எடையைச் சொல்லிவிடுங்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு தொடைப்பட்டைகளும் பூட்டியிருக்கின்றனவா என்று நீங்களே கைவைத்துப் பாருங்கள். நெஞ்சுப்பட்டையை மட்டும் பூட்டிக் கிளம்பினால் ஆள் இருக்கையிலிருந்து நழுவிவிடுவார். இந்த விளையாட்டின் மிகக் கொடிய கவனக்குறைவுகளில் ஒன்று அது.

கிளம்பும்போது பயணிகள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே. இறக்கை தலைக்கு மேல் வந்து தோளைத் தூக்கியதும், பறந்தாகிவிட்டது என்று நினைத்துக் காலை மடக்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். இறக்கைக்கு இன்னும் வேகம் கிடைத்திருக்காது. இருவர் எடையும் சடாரென்று இறங்க, பைலட்டின் முழங்காலும் உங்கள் பின்புறமும் சரிவில் தேயும். குதிக்கவும் கூடாது. உடம்பைச் சற்று முன்னே சாய்த்து, பாதம் காற்றில் துழாவும்வரை ஓடிக்கொண்டே இருங்கள். பைலட் சொன்ன பிறகு உட்காருங்கள். உயர பயம் உள்ள பலருக்கு மொட்டை மாடி விளிம்பில் வரும் நடுக்கம் இங்கே வருவதில்லை, காலடியிலிருந்து தரைவரை தொடர்ந்து போகும் சுவர் எதுவும் கண்ணில் படாததால்.

பிடித்துப்போய்த் தனியாகக் கற்க நினைத்தால், முதல் சில நாட்கள் மலையே தேவையில்லை. ஒரு திடலில் இறக்கையைக் குதிரை லாட வடிவில் விரித்து, கயிறுகளில் சிக்கோ முடிச்சோ இல்லை என்று பார்த்து, முன்வரிசைப் பட்டைகளால் எழுப்பி, தலைக்கு நேர் மேலே நிறுத்திப் பழகுவதுதான் பாடம். அலுப்பான வேலை, ஆனால் பாதித் திறமை இங்கேதான் வருகிறது. எழும்பும் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தால் கையால் எதிர்ப்பக்கம் இழுப்பதற்கு முன் சாயும் பக்கமாகவே ஓடி அதன் அடியில் வந்து நில்லுங்கள். வானத்தில் இறக்கை ஒரு பக்கம் மடங்கினால் திறந்திருக்கும் பக்கத்துக்கு எடையைச் சாய்த்து, அந்தப் பக்கப் பிரேக்கை (இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுக்கும் கைப்பிடி) கொஞ்சமே தொட்டு நேர்க்கோட்டில் வைக்க வேண்டும். பதற்றத்தில் பிரேக்கை இடுப்புவரை இழுத்துவிடுகிறவர்கள் நல்ல பக்கத்தையும் பறக்கவிடாமல் செய்துவிடுகிறார்கள். இறங்கும்போது காற்றுக்கு எதிராக வந்து, கால் நீட்டி, தரை ஆளுயரத்துக்குள் வந்ததும் இரண்டு பிரேக்கையும் படிப்படியாக முழுசாக இழுங்கள். ஐந்து மீட்டரிலேயே இழுத்தால் இறக்கை நின்றுபோய் உங்களைக் கீழே போட்டுவிடும்.

பழைய இறக்கை மலிவாகக் கிடைக்கிறது என்று ஆன்லைனில் வாங்காதீர்கள். துணி வெயிலில் நலிகிறது. சில நூறு மணி நேரம் பறந்ததில் காற்று கசிய ஆரம்பிக்கும், கயிறுகளின் நீளமும் மாறும். வெளிப்பார்வைக்கு இரண்டும் தெரியாது. சோதனைச் சான்று இருக்கிறதா, தரம் ‘ஏ’ (தொடக்கநிலை வகை) தானா, உங்கள் எடையோடு ஹார்னஸ் (இருக்கைப் பட்டை), தலைக்கவசம், இறக்கை எல்லாம் சேர்த்த மொத்தம் அதன் எடை வரம்புக்குள் வருகிறதா என்று பயிற்சியாளரை வைத்துப் பாருங்கள். ரிசர்வ் பாராசூட்டை, அதாவது அவசரத்துக்கு வைத்திருப்பதை, கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள் என்றும் கேளுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பிரித்து உலர்த்தி மடிக்க வேண்டும்.