ஒயினே அருந்தியிராத ஒருவர் நாசிக் ஒயின் ஆலைக்குச் சென்றால் எப்படிச் சுவைத்துப் பார்ப்பது?

புனேயில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், அலுவலக நண்பர்களுடன் நாசிக் அருகே உள்ள ஓர் ஒயின் ஆலைக்குச் செல்லவிருப்பதாகவும், இதுவரை ஒயினைத் தொட்டதே இல்லை என்பதால் அங்கே நால்வர் முன்னிலையில் விழிக்க நேருமோ என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மகாராஷ்டிரத்தில் சில ஆண்டுகள் வசித்தபோது ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் அந்தப் பக்கம் அழைத்துச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் என் தலையில்தான் விழும் என்பதால், நான் கண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன். தயக்கம் தேவையில்லை. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்றவர்களே. ஊற்றிக் கொடுப்பவர்களும் அதை எதிர்பார்த்தே பேசுகிறார்கள்.

எப்போது செல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் உறங்கி, கோடையில் காய்த்து, செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். நாசிக்கில் கொடியை உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர் இல்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள்: ஏப்ரல் வாக்கில் ஒருமுறை வெட்டிக் கிளைகளை வளர விடுகிறார்கள், மழை ஓய்ந்தபின் செப்டம்பர், அக்டோபரில் மறுபடியும் வெட்டிக் காய்க்க விடுகிறார்கள். பழம் பனிக்கால இரவுகளில் மெல்ல முதிர்ந்து ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கப்படுகிறது. அந்த மாதங்களில் சென்றால் கொடியில் பழத்தையும், ஆலையில் அது நசுக்கப்படுவதையும், தொட்டியில் நுரைப்பதையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். மழைக்காலத்தில் கங்காபூர் அணைப் பக்கம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் கொடியில் இலை மட்டுமே இருக்கும். எந்த மாதமானாலும் வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே நிலவும் கூட்டத்தில் ஊற்றிக் கொடுப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பதே பெரும்பாடு.

எந்த ஆலை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. பலரும் முதலில் செல்வது சுலாவுக்கு. அதை நிறுவிய ராஜீவ் சாமந்த் 1990களின் பிற்பகுதியில் தம் குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சையைப் பயிரிட்டு, 2000ஆம் ஆண்டில் முதல் ஒயினை வெளியிட்டார். அதுவரை நாசிக் என்றால் உண்ணும் திராட்சையும் வெங்காயமும்தான். இன்று யார்க், சோமா, இகத்புரிப் பக்கம் வலோனே, திண்டோரியில் ஷாண்டோன் என்று பல ஆலைகள் உள்ளன. பெரிய ஆலையில் ஏற்பாடுகள் கச்சிதமாக இருக்கும், சிறிய ஆலையில் பேச்சு நீளும். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

ஆலையைச் சுற்றிக் காட்டும் நடையை விட்டுவிட்டு நேராகச் சுவைக்கும் கூடத்துக்குச் செல்லும் நண்பர்கள் உங்கள் குழுவிலும் இருப்பார்கள். அவர்களோடு போகாதீர்கள். கோப்பையில் நீங்கள் உணரப்போகும் அத்தனைக்கும் காரணம் அந்த நடையில்தான் கண்ணில் படுகிறது. பிப்ரவரியில் ஷிராஸ் என்னும் சிவப்பு ஒயின் திராட்சைக் கொடியருகே நின்றால், அனுமதி கேட்டு ஒரு பழத்தைப் பறித்துப் பாருங்கள். கடையில் வாங்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது; தோல் தடித்தது; உள்ளே விதைகள் பல்லில் நெறிபடும். ஆனால் இனிப்போ திகட்டும் அளவுக்கு இருக்கும். விரலால் நசுக்கினால் தோல் கருநீலமாகக் கறைபடுத்தும், வழியும் சாறு மட்டும் ஏறக்குறைய நிறமற்றதாக இருக்கும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும்தான் வருகின்றன என்பதை அதன்பின் யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை முதலிலேயே விலக்கிவிடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள்.

தொட்டிகள் இருக்கும் கூடத்தில் ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. ஒரு லிட்டர் சாற்றில் உள்ள ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறுகிறது. லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை கொண்ட சாறு முழுவதும் நொதித்துவிட்டால் 13 சதவீத ஆல்கஹால் கிடைக்கும், இனிப்பு அநேகமாக எஞ்சியிருக்காது. நம்மவர்களில் பலருக்கு ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சிறு டம்ளரில் வரும், சர்க்கரை தாராளமாகச் சேர்த்துப் பாத்திரத்தில் ஊறவைத்த திராட்சை ரசம்தான். அந்த நினைவோடு முதல் மிடற்றை விழுங்குபவர் முகம் சுளிப்பது இயல்பு. அந்தப் புளிப்பு கெட்டுப்போனதால் வந்ததல்ல. இனிப்பு இல்லாத ஒயினை அப்படித்தான் செய்கிறார்கள்.

வெள்ளை ஒயின் தொட்டிகளைக் குளிர்நீர் ஓடும் உறையால் சுற்றியிருப்பார்கள். பொதுவாக 12 முதல் 16 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் மெதுவாக நொதித்தால்தான் பழ வாசனை பறந்துபோகாமல் நிற்கும். சிவப்புக்குத் தோலிலிருந்து நிறம் இறங்க வேண்டும் என்பதால் அதைவிடக் கூடுதலான வெப்பம். பீப்பாய்கள் அடுக்கிய அறை அடுத்து வரும்; 225 லிட்டர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்தான் அங்கே வழக்கமான அளவு. அதன் உட்புறத்தை நெருப்பில் வாட்டியிருப்பதால் வெனிலா, கிராம்பு, புகை ஆகிய மணங்கள் ஒயினில் ஏறுகின்றன. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் என்னும் பொருள் ஓக் மரத்திலும் இருப்பதால், அதை உணர்வது உங்கள் கற்பனையாக இருக்காது.

இனிச் சுவைக்கும் மேசை. போவதற்கு முன் வயிற்றுக்கு ஏதேனும் சாப்பிட்டுவிடுங்கள். அன்று சென்ட் பூசாதீர்கள், உடன் வருபவர் மல்லிகைச் சரம் சூடியிருந்தால் சற்றுத் தள்ளி நில்லுங்கள், வெற்றிலைபாக்கையும் காபியையும் சுவைத்து முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே மேல்.

கோப்பையைக் காம்பில் பிடியுங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் உள்ளங்கைச் சூடு ஏறிவிடும். முதலில் அசைக்காமல் முகர்ந்து பாருங்கள், பிறகு மேசைமேல் வைத்தபடியே சுழற்றி மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் இடையே வாசனை எழும்பி வருவது தெரியும். சுழற்றும்போது கண்ணாடியில் கோடு கோடாக வழிவதைக் காட்டித் தரத்தைப் பற்றி யாராவது விரிவுரை நடத்தினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஆல்கஹாலின் அளவைக் காட்டுமே தவிர, தரத்தை அல்ல. பிறகு ஒரு சிறு மிடறு எடுத்து, விழுங்காமல் வாய் முழுவதும் படும்படிச் சில நொடிகள் வைத்திருங்கள். நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோஸே என்னும் இளஞ்சிவப்பு ஒயின், சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையில்தான் ஊற்றுவார்கள். கனத்தையோ இனிப்பையோ முதலில் அருந்தினால் மென்மையானது பின்னர் சப்பென்று இருக்கும் என்பதே காரணம்.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. புதியவர் ஒவ்வொரு கோப்பையிடமும் "இது நல்ல ஒயினா?" என்று கேட்கிறார், அதற்கு விடை சொல்ல அவரிடம் அளவுகோல் ஏதும் இல்லை. "இது முந்தியதிலிருந்து எதில் வேறுபடுகிறது?" என்று கேட்டால் எவராலும் விடை சொல்ல முடியும். எனவே வெள்ளையில் இரண்டை ஒரே நேரத்தில் ஊற்றித் தரும்படிக் கேளுங்கள். கூட்டமில்லாத வேளையில் மறுக்க மாட்டார்கள். நாசிக்கில் அதற்கு மிகப் பொருத்தமான இணை சோவின்யோன் பிளாங், செனின் பிளாங் என்னும் இரு திராட்சை வகைகளின் ஒயின்கள். முதலாவதை முகர்ந்தால் பச்சை வாடை தூக்கலாக வரும்: குடைமிளகாயை நறுக்கும்போது வருவது, வெட்டிய புல், சில சமயம் கொய்யா. குடைமிளகாய் வாசனைக்குக் காரணமான பைரசின் வகைப் பொருள்தான் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. உடனே செனினுக்கு மாறினால் பச்சை அடங்கிப் பழம் முன்னே வரும். இங்கே செய்யப்படும் செனினில் பெரும்பாலும் சற்று இனிப்பையும் விட்டுவைப்பார்கள். மறுபடி முதலாவதற்குத் திரும்புங்கள். அதன் புளிப்பு முன்பைவிடக் கூர்மையாகத் தெரியும். நாக்கின் இருபுறமும் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பதே புளிப்பை அளக்க எளிய வழி. இந்த ஓர் இணையை நிதானமாக மாற்றி மாற்றிச் சுவைத்தவர், எட்டு ஒயின்களை வரிசையாக விழுங்கியவரைவிட அதிகம் கற்றுக்கொண்டு திரும்புவார்.

சிவப்புக்கு வரும்போது பலர் கைவிடுவது துவர்ப்பால். கொட்டைப்பாக்கை மென்றபின் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிப்பது போன்ற அந்த உணர்வு, தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் என்னும் பொருள்களால் வருகிறது. அறுசுவையில் துவர்ப்பையும் எண்ணி, வாழைப்பூவையும் சுண்டைக்காயையும் விரும்பி உண்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமானதே அல்ல. பானத்தில் அதை எதிர்பார்க்காததுதான் சிக்கல். மேசையில் உள்ள பாலாடைக்கட்டியில் ஒரு துண்டை மென்றுவிட்டு அதே ஒயினை மீண்டும் அருந்திப் பாருங்கள். புரதமும் கொழுப்பும் டானினின் பிடியைத் தளர்த்திவிடும். ஷிராஸ் இருந்தால் மிளகு வாசனையைத் தேடுங்கள். ரோட்டண்டோன் என்னும் பொருள் மிளகிலும் ஷிராஸ் தோலிலும் இருக்கிறது. ஆனால் அதை முகரவே இயலாத மூக்குகளும் உண்டு என்பதால், நண்பர் மிளகு என்று சொன்னதற்காக நீங்களும் தலையாட்ட வேண்டியதில்லை. அத்திப்பழம், புகையிலை, தோல்பை என்று யாரோ ஒப்பிப்பதைக் கேட்டு மிரளவும் வேண்டாம். உங்களுக்குப் புளியம்பழமோ நாவற்பழமோ தோன்றினால் அதையே சொல்லுங்கள். ஊற்றிக் கொடுப்பவர் அதை வைத்து அடுத்த கோப்பையைத் தேர்ந்தெடுத்துத் தருவார்.

துப்புவதற்கென்று மேசையில் ஒரு கலம் இருக்கும். கண்ணில் படாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் பிறர் முன் துப்புவது அநாகரிகம் என்று வளர்க்கப்பட்டவர்கள் அதைத் தொடவே கூசுகிறார்கள், ஆனால் அங்கே தொழில் தெரிந்தவர்களே துப்புகிறார்கள். கணக்குப் பாருங்கள்: 50 மில்லி வீதம் ஐந்து ஊற்று என்றால் 250 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வாகனம் ஓட்டுபவரின் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அத்தனையையும் விழுங்கினால் பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். ஆகவே ஓட்டுநரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அல்லது இரவு அங்கேயே தங்குங்கள். மருந்து உட்கொள்பவர்களும், அருந்துவதில் விருப்பமில்லாதவர்களும் முகர்ந்து மட்டும் பார்க்கலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள், வற்புறுத்தும் நண்பர் இருந்தால் அது வேறு பிரச்சினை.

வாங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடைசிக் கோப்பைக்குப் பின் வரும் உற்சாகத்தில் முடிவு செய்யாமல், எந்த ஒயினுக்குத் தானாகவே இரண்டாவது மிடறு எடுத்தீர்களோ அதில் ஒரு பாட்டில் வாங்கினால் போதும். விலை உயர்ந்த ரிசர்வ் வகையை முதலில் வாங்க வேண்டாம். பீப்பாயின் மணமும் துவர்ப்பும் அதில் கூடுதலாக இருக்கும், பழகாத நாக்குக்கு அது கொடுத்த காசுக்கு நிறைவு தராது. நாசிக் வெயிலில் காருக்குள் பாட்டிலை விட்டுச் சென்றால் ஒயின் வெந்தது போலாகிவிடும். நம் ஊர் அறை வெப்பம் சிவப்பு ஒயினுக்கும் அதிகமே என்பதால், அருந்துவதற்கு அரைமணி நேரம் முன்பு குளிர்பெட்டியில் வையுங்கள். திறந்த பாட்டிலை மூடி அதிலேயே வைத்து மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், மாநில எல்லை தாண்டி மதுவை எடுத்துச் செல்வதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி விதிகள் உள்ளன. அவற்றை விசாரித்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள், வாங்கிய ரசீதையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.