மேகத்துக்குள் பறக்க என்ன வேண்டும்? இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கேள்வி பதில்

கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் சிறிய விமானங்களில் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி, அதாவது வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி தருகிறேன். அதற்கான தகுதிதான் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். பிரைவேட் லைசென்ஸ் முடித்த நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எல்லாம் அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளின்படி, ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு.

கேள்வி: அண்ணா, பாலோ ஆல்டோவில் விமானம் வாடகைக்கு எடுத்து ஓட்டுறேன். ஜூன், ஜூலையில் காலையில மேகம் விலகவே மாட்டேங்குது. இதுக்காகவே ரேட்டிங் எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். நம் கடற்கரை மேகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது. அடிப்பகுதி ஆயிரம் அடிக்குக் கீழே இருக்கும், இரண்டாயிரம் அடியைத் தாண்டினால் பல நாள் நீல வானம். ரேட்டிங் இருந்தால் கன்ட்ரோலரிடம் கிளியரன்ஸ் (பறக்கும் அனுமதி) வாங்கி, சில நிமிடங்களில் மேகத்தைக் கடந்து, மேலே போனதும் ஐ.எஃப்.ஆரை (கருவிகளைப் பார்த்துப் பறக்கும் விதிமுறையை) ரத்து செய்துவிட்டுப் போய்விடலாம்.

ஆனால் எல்லா மேகமும் இப்படி இல்லை. குளிர்காலத்தில் சியரா மலைமேல் நிற்கும் மேகத்தில் இறக்கையில் பனி படியும். நாம் வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172-க்கு அதில் பறக்க அனுமதியே இல்லை. இடிமேகத்திலிருந்து 20 மைல் தள்ளியே இருக்க வேண்டும். ரேட்டிங் கிடைத்த பிறகும் வீட்டில் உட்கார வேண்டிய நாட்கள் இருக்கும்.

கேள்வி: மொத்தம் எத்தனை மணி நேரம் தேவை?

நீங்களே பைலட்-இன்-கமாண்டாக (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாக) 50 மணி நேரம் கிராஸ்-கன்ட்ரி, அதாவது வேறு விமான நிலையங்களுக்குப் போகும் பயணம். அதோடு இன்ஸ்ட்ருமென்ட் நேரம் 40 மணி. அந்த நாற்பதில் 15 மணி நேரமாவது இன்ஸ்ட்ரக்டருடன் இருக்க வேண்டும். மீதியை ஹூட் (வெளியே தெரியாதபடி கண்ணை மறைக்கும் மூடி) போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெளியே கவனிக்கும் சேஃப்டி பைலட்டோடு பறக்கலாம். லைசென்ஸ் வைத்திருக்கும் இரண்டு நண்பர்கள் சேர்ந்து மாறி மாறிப் பறந்தால் செலவு நன்றாகவே குறையும். அனுமதி பெற்ற சிமுலேட்டரில், அதன் தரத்தைப் பொறுத்து, 10 அல்லது 20 மணி நேரம் வரை கணக்கில் சேரும்.

இன்ஸ்ட்ரக்டருடன் 250 கடல் மைல் நீளப் பயணம் ஒன்று உண்டு. போகும் ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஒரு அப்ரோச் (கருவிகளைப் பார்த்து ஓடுபாதையை நோக்கி இறங்கி வருவது), மொத்தத்தில் மூன்று வெவ்வேறு வகை. எழுத்துத் தேர்வு 60 கேள்வி, தேற 70 சதவீதம். அதை முதலிலேயே முடித்துவிட்டு வாருங்கள். சார்ட் (விமானப் பாதை வரைபடம்) படிக்கத் தெரியாமல் வந்து, எஞ்சின் ஓடும் நேரத்தில் அதைக் கற்பது பண விரயம்.

கேள்வி: பிரைவேட் பயிற்சியிலேயே மூணு மணி நேரம் ஹூட் போட்டுப் பறந்தேன் சார். கஷ்டமாத் தெரியலை. நிஜ மேகம் அவ்வளவு வித்தியாசமா?

வித்தியாசம்தான். ஹூட் போட்டாலும் ஓரத்தில் வெளிச்சம் தெரியும், விமானம் திரும்பும்போது காக்பிட்டில் நிழல் நகரும். உங்களை அறியாமலே மூளை அதைப் பிடித்துக்கொள்ளும். மேகத்துக்குள் அதுவும் இருக்காது.

உள்காதில் உள்ள திரவம்தான் நாம் திரும்புகிறோம் என்று சொல்கிறது. மிக மெதுவாகச் சாய்ந்தால் அது அசையாது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அப்போது விமானம் சாய்ந்திருக்கும், உடம்போ நேராக இருப்பதாகச் சொல்லும். உயரம் குறைவதைப் பார்த்து யோக்கை (ஓட்டும் கைப்பிடியை) இழுத்தால் சுழற்சி இறுகும், வேகம் ஏறும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி.

1999 ஜூலை 16 இரவு முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், தானே ஓட்டிய விமானத்தோடு மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே கடலில் விழுந்தபோது அவர் மேகத்துக்குள்கூட இல்லை. இருட்டு, புகைமூட்டம், கீழே கடல், தொடுவானம் தெரியவில்லை. இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியைப் பாதி வரை படித்திருந்தார். அவரோடு மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தார்கள். ஒவ்வொரு புது மாணவருக்கும் இதைச் சொல்கிறேன். மூன்று மணி நேரம் ஹூட் போட்டது, தப்பித்துத் திரும்பி வருவதற்கான பயிற்சி. அதை நம்பி உள்ளே போகாதீர்கள்.

கேள்வி: தம்பி, எனக்கு வயசு 61. ரிட்டயர் ஆயிட்டேன். இனிமே இதெல்லாம் வருமா?

வரும் ஐயா. ரேட்டிங்குக்கு மேல் வயது வரம்பு இல்லை, மெடிக்கல் சரியாக இருந்தால் போதும். உங்கள் வயதில் சிரமம் தருவது ரேடியோ. கன்ட்ரோலர் ஒரே மூச்சில் கிளியரன்ஸ் வாசிப்பார். காகிதத்தில் முன்கூட்டியே வரிசையாக இடம் விட்டு வையுங்கள்: எதுவரை, எந்த வழி, எந்த உயரம், எந்த ஃப்ரீக்வென்சி, டிரான்ஸ்பாண்டர் (ரேடாரில் நம்மை அடையாளம் காட்டும் கருவி) எண். வீட்டில் நேரடி ஏ.டி.சி. (கன்ட்ரோலர்களின்) பேச்சைக் கேட்டு எழுதிப் பழகினால் சில வாரங்களில் காது பழகிவிடும். வாரத்துக்கு மூன்று முறையாவது பறக்கப் பாருங்கள். இடைவெளி விட்டால் பாதி வகுப்பு பழையதைத் திரும்பப் படிப்பதிலேயே போய்விடும். வானிலை சரியில்லை என்றால் "இன்று வேண்டாம்" என்று சொல்லும் நிதானம் உங்கள் வயதுக்காரர்களிடம் அதிகம். எனக்கு அது பெரிய நிம்மதி.

கேள்வி: ஹோல்டிங்கில் எந்த என்ட்ரி என்று எப்போதும் குழப்பம்.

ஹோல்டிங் என்றால் காத்திருக்கச் சொல்லும்போது ஒரு புள்ளியருகே நீள்வட்டமாகச் சுற்றுவது, என்ட்ரி என்றால் அதற்குள் நுழையும் முறை. படம் வரைந்து பாருங்கள். குழம்பினால், சுற்றுவதற்காக ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்ட பக்கத்தில் இருந்தாலே போதும். என்ட்ரி முறை பரிந்துரைதான். அதற்காக விமானத்தின் உயரத்தை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

கேள்வி: கிளாஸ் காக்பிட் திரைகள், ஆட்டோபைலட் எல்லாம் இருக்கே. பழைய டயல்களைக் கற்க வேண்டுமா?

ஓட்டப்போகும் விமானத்தில் படியுங்கள். ஆனால் கருவி ஒன்று செத்துப்போனால் மீதியை வைத்து ஓட்டும் பயிற்சியை எதிலும் விடக்கூடாது. செக்ரைடில் (பறந்து காட்டும் தேர்வில்) அப்படி ஒரு அப்ரோச் கட்டாயம் வரும். விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானக் கருவியை இயக்கும் வேக்கியூம் பம்ப் நின்றால், அது சட்டென்று விழாது, மெல்ல மெல்லச் சாயும். நீங்களும் அதோடு சேர்ந்து சாய்வீர்கள். மற்ற கருவிகளோடு ஒத்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: எவ்வளவு தாழ்வான மேகத்தில் இறங்கலாம்?

சாதாரண ஐ.எல்.எஸ். அப்ரோச்சில் (ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ சிக்னலைப் பிடித்து இறங்குவது) 200 அடி, அரை மைல் பார்வை. புதிதாக ரேட்டிங் வாங்கியவர்களை ஆயிரம் அடி, மூன்று மைல் என்று தொடங்கச் சொல்கிறேன். டேக்-ஆஃபுக்கு நம்மைப் போன்ற தனியார் விமானங்களுக்குச் சட்டத்தில் குறைந்தபட்சப் பார்வையே கிடையாது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிளம்பியதும் எஞ்சினில் கோளாறு வந்தால், கிளம்பிய இடத்திலேயே திரும்ப இறங்க முடிய வேண்டும். மிஸ்டு அப்ரோச்சை (ஓடுபாதை தெரியாவிட்டால் இறங்காமல் மேலேறிப் போவதை) அப்ரோச் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்: எந்தத் திசை, எந்த உயரம். 200 அடியில் யோசிக்க நேரம் இருக்காது.

கேள்வி: ரேட்டிங் வாங்கியாச்சு. இனி பயமில்லைதானே?

2020 ஜனவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே கலபசாஸில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த ஹெலிகாப்டரை ஓட்டியவரிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருந்தது. வி.எஃப்.ஆரில் (கண்ணால் வெளியே பார்த்துப் பறக்கும் விதிமுறையில்) பறந்து மேகத்துக்குள் போனார். 4,000 அடிக்கு ஏறுகிறேன் என்று கன்ட்ரோலரிடம் சொன்னார். அதன்பின் ஹெலிகாப்டர் வேகமாகக் கீழே போனது. திசை மயக்கம்தான் காரணம் என்று விசாரணை முடிந்தது.

ரேட்டிங்கைப் பயன்படுத்த, சட்டப்படி, கடந்த ஆறு மாதங்களில் ஆறு அப்ரோச், ஹோல்டிங், ஒரு பாதையைப் பிடித்துத் தொடர்வது, இவை செய்திருக்க வேண்டும். தவறினால் அடுத்த ஆறு மாதத்துக்குள் சேஃப்டி பைலட்டோடு சரிசெய்துகொள்ளலாம். அதையும் விட்டால் இன்ஸ்ட்ரக்டரிடமோ எக்ஸாமினரிடமோ திறன் சோதனை. ஆறு மாதத்துக்கு ஆறு அப்ரோச் எனக்குப் போதாது. மாதத்துக்கு ஒருநாள் ஒதுக்கி, லிவர்மோருக்கும் ஸ்டாக்டனுக்கும் போய் ஒவ்வோர் இடத்திலும் ஐ.எல்.எஸ். செய்யுங்கள். ஒன்றையாவது ஆட்டோபைலட் இல்லாமல், ஒன்றையாவது மிஸ்டு அப்ரோச்சோடு முடியுங்கள்.