கேள்வி பதில்: ஜொள்ளு விடுறவங்களுக்கு மட்டும் தொப்பை

கேள்வி: அந்தக் காலத்து அமெரிக்க ஆண்கள் பத்திரிகை கார்ட்டூன்ல பொம்பளை சிலை மாதிரி இருக்கா, ஆம்பளை சகிக்கல. அப்போ அது ஆம்பளைங்களைத்தானே கிண்டல் பண்ணுது?

பதில்: பாத்தா அப்படித்தான் தெரியும். 1933ல ஆரம்பிச்ச எஸ்குயர் பத்திரிகையோட சின்னமே எஸ்கின்னு ஒரு முட்டைக்கண்ணு, பெரிய மீசைக்காரர்தான். 1953ல ஆரம்பிச்ச ப்ளேபாய் பத்திரிகையில ஜாக் கோல்ங்கிற கார்ட்டூனிஸ்ட் வாட்டர்கலர்ல வரைஞ்சதை உத்துப் பாருங்க, பொண்ணோட தோள், இடுப்பு எல்லாம் வெளிச்சம் நிழலோட நிஜம் மாதிரி இருக்கும், பக்கத்துல இருக்கிற ஆளு மட்டும் கேலிச்சித்திரம், ஒரே படத்துல ரெண்டு விதமான வரைதல். ஆனா படிக்கிறவன் அந்த தொப்பைக்காரனைப் பாத்து சிரிச்சிட்டே, இவனுக்கே கிடைக்குதுன்னா நமக்கு கிடைக்காதான்னு நினைச்சுப்பான், கனவே அதுதான், அழகா இருக்க வேணாம், பேசத் தெரிய வேணாம், ஆபீஸ்ல முதலாளியாவோ அந்தப்புரத்துல சுல்தானாவோ இருந்தா போதும். (அந்த சுல்தான் கார்ட்டூனுக்குப் பேர் போன இ. சிம்ஸ் காம்ப்பெல் ஒரு கறுப்பினத்தவர், ஆனா அவர் எஸ்குயருக்கு வரைஞ்ச அழகிங்க பெரும்பாலும் வெள்ளைக்காரிங்க. யாருக்காக வரைஞ்சார்னு இதுலயே புரியும்.)

கேள்வி: ஆசைப்படுற பொம்பளையே அதுல வரலையா?

பதில்: வந்தாங்களே, பாட்டியா! பக் ப்ரவுன் ப்ளேபாய்ல வரைஞ்ச அந்த பாட்டிக்கு ஆசை அடங்கவே அடங்காது, ஆனா சுருக்கமும் தொங்கலுமா, அந்த தொப்பை ஆம்பளைங்களை வரையற அதே ஸ்டைல்ல இருப்பாங்க. ஆசைப்பட்டா கேலிச்சித்திரம், ஆசைப்பட வெச்சா அழகு, எனக்குத் தெரிஞ்சு அந்தப் பக்கங்கள்ல ஓடுற கணக்கே இதுதான். ப்ளேபாய்லயே 1962ல ஆரம்பிச்ச லிட்டில் ஆனி ஃபேனிங்கிற காமிக்ஸ் தொடர்ல நாயகி இளமையா, அழகா இருக்கா, ஆனா சுத்தி என்ன நடக்குதுன்னே அவளுக்குப் புரியாது, புரிஞ்சா கனவு கலைஞ்சிடுமே.

கேள்வி: பொம்பளைங்க யாரும் இதுல வேலை பாக்கலையா?

பதில்: பார்பரா ஷெர்மண்ட் எஸ்குயருக்கு வரைஞ்சிருக்காங்க. ப்ளேபாய்ல மிஷேல் அரி ரொம்ப வருஷம் கார்ட்டூன் எடிட்டரா இருந்தாங்க, எந்த ஜோக் அச்சுக்குப் போகணும்னு சலிச்சு எடுத்ததே ஒரு பொம்பளைதான்.

கேள்வி: அப்போ யாரும் எதிர்க்கலையா?

பதில்: 1943ல அமெரிக்க தபால் துறை எஸ்குயரோட மலிவு தபால் சலுகையைப் பிடுங்குச்சு, 1946ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னுடுச்சு. சண்டை பெரும்பாலும் படம் ஆபாசமா, ஒழுக்கமானதாங்கிறதுல தான், பொம்பளையை ஏன் இப்படி வரையறீங்கங்கிற கேள்வி அங்க பெருசா எழல.