ஒரு கண்மாய் போதும், தரகர் வேண்டாம்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். அடுத்து சூழலியலில் பிஎச்.டி. செய்ய ஆசை. நன்னீர், காலநிலை மாற்றம், ஊர்மக்களோடு சேர்ந்து வேலை செய்வது, இந்த மூன்றிலும் எனக்கு ஆர்வம். "ஏதாவது ஒன்றைப் பிடி" என்கிறார் என் பேராசிரியர். இதற்கிடையில் ஒருவர், ஆய்வுத் திட்டத்தை எழுதி, ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் உள்ள இதழ்களில் இரண்டு கட்டுரையும் போட்டுத் தருவதாக 40 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். கட்டுரை இல்லாவிட்டால் இடமே கிடைக்காதாம். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 40 ஆயிரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். வீட்டில் நகையை வைத்துக் கொடுக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பிஎச்.டி. சேர்க்கைக்குத் தேவை நெட் (விரிவுரையாளர், ஆய்வாளர் தகுதிக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண் அல்லது நுழைவுத்தேர்வு, அப்புறம் நேர்காணல். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக்கூடப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தும் வைத்தது. தரகர்கள் நுழைவது அந்த இடுக்கு வழியாகத்தான். நல்ல இதழ்கள் எவை என்று யு.ஜி.சி.யில் ஏற்கெனவே பட்டியல் போட்டிருந்தார்கள். பிறகு 2025-இல் அந்தப் பட்டியலையும் கைவிட்டு, கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். நடுவில் பணத்தையும் வருடத்தையும் தொலைத்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

'காசு கேட்டாலே போலியா?' என்று கேட்பீர்கள். இல்லை. இந்த ஒரு விஷயத்தைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் தரமான இதழ்களில் பலவும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் உங்கள் கட்டுரையைத் துறை அறிந்தவர்கள் படித்து, திருத்தம் சொல்லி, ஏற்றுக்கொண்ட பிறகே கட்டணத்தைச் செலுத்தச் சொல்வார்கள். பணம் பதிப்பகத்துக்கு நேராகப் போகும். முடியாதவர்களுக்குத் தள்ளுபடி தரும் இதழ்களும் உண்டு, கடிதம் எழுதிக் கேட்கலாம். கட்டுரையை எழுதுவதற்கு முன்பே பணம், 15 நாளில் வெளியீடு, ஜிபேயில் ஒரு தனி ஆளின் எண் என்றால் அது வேறு கதை. பழைய நல்ல இதழின் பெயரையும் இணையப்பக்கத்தையும் அப்படியே நகலெடுத்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் இதழுக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐப் போட்டு நீங்களே தேடிப் பாருங்கள். தரகர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் ஆய்வுக்கு வருவோம். மூன்றில் எதையும் விட வேண்டாம். மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். உங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

ஓர் உதாரணம். பங்குனி, சித்திரையில் கண்மாயில் தண்ணீர் இறங்கி, உள்வாயில் முழங்கால் அளவு கிடக்கும். ஒருநாள் விடிகாலையில் கட்லாவும் ரோகுவும் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளக்கும். எட்டு மணிக்குள் கரை ஓரம் செத்து மிதக்கும். மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) எடுத்தவர், "எவனோ மருந்தைக் கலந்துவிட்டான்" என்பார். பாசனக்காரர்கள், மீன் வளர்க்க அவர் கொட்டிய சாணத்தால்தான் என்பார்கள். ஊரே இரண்டுபடும். ஆனால் அதே தண்ணீரில் விராலும் தேளியும் உயிரோடு இருக்கும். அவை மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக் கூடியவை.

சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் கரைந்தால், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். பகலில் பச்சைப்பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவெல்லாம் அந்தப் பாசியும் மட்கும் சாணமும் அதைத் தின்று தீர்க்கும். விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவு. இரவின் வெப்பம் கூடினால், மழை தவறித் தண்ணீர் சீக்கிரம் இறங்கினால் என்ன ஆகும்? எந்த ஆழத்துக்குக் கீழே போனால் ஆபத்து? இதுவே உங்கள் கேள்வி. நன்னீரும் காலநிலையும் ஊர்ச்சண்டையும் ஒரே இடத்தில் இருக்கின்றன, பாருங்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள்: "காலநிலை மாற்றத்தை நிரூபிப்பேன்." காலநிலை என்று பேசவே 30 ஆண்டுப் பதிவு வேண்டும். மூன்று கோடையில் நீங்கள் பார்க்கப்போவது வெப்பத்துக்கும் வறட்சிக்கும் கண்மாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை. அது போதும். முப்பது வருடத்துக்கு முந்தைய செய்தி மடை திறந்த பெரியவர்களிடம் இருக்கிறது. கண்மாய் நிரம்பி மறுகால் கடைசியாகப் பாய்ந்தது எப்போது, அயிரை எந்த வருடத்தோடு காணாமல் போனது என்று சொல்வார்கள். வானிலைத் துறையின் மழைப்பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் படித்த காலத்தில் ஓர் ஊருக்கு நாற்பது கேள்வியோடு போனேன். ஒரு பெரியவர், "போன வருசமும் ஒருத்தர் எழுதிட்டுப் போனார் தம்பி, என்ன கண்டுபிடிச்சாருன்னு இன்னும் தெரியல" என்றார். அன்று அந்தத் தாள்களை எடுக்காமலே திரும்பினேன். நீங்கள் அப்படி எழுதிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை அளக்கும் விங்க்ளர் முறையை ஊரார் முன்னால் செய்து காட்டுங்கள். குமிழி இல்லாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு உப்பையும் காரக் கரைசலையும் விட்டால், பிராணவாயு இருந்தால் பழுப்பாகத் திரளும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். மருந்து கலந்தார்களா என்று அது சொல்லாது. மீனுக்கு மூச்சு இருந்ததா என்பதை எல்லாருக்கும் கண்ணால் காட்டிவிடும்.

அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. கண்மாய் இருக்கும் நிலம் பற்றி என்றால் வருவாய்த் துறையிடம் கேட்கச் சொல்வார்கள். ஒரு கண்மாய்க்கு இத்தனை வாசல், எதிலும் உடனே பதில் வராது. வேட்டங்குடி போன்ற சரணாலயக் கண்மாய் என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் வலையை நனைக்காதீர்கள். இப்போதே மனுக்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை வாங்கி வையுங்கள்.

அந்த 40 ஆயிரம் கையில் இருந்தால் பாட்டில்களும் வெப்பமானியும் வாங்கி, மிச்சத்தில் நெட் தேர்வுக்குப் படியுங்கள். அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37 ஆயிரம். கண்மாயில் தண்ணீர் நிற்கும்போதே வாரம் ஒரு நாள், விடிவதற்கு முன், கரையில் அதே இடத்தில் அளவெடுக்கத் தொடங்குங்கள். துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏலக்காரரையே கூப்பிட்டாலும் நல்லதுதான்.