திரிக்லாவ் ஏறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஸ்லோவேனியாவின் உயர்ந்த சிகரம் திரிக்லாவ், 2864 மீட்டர். ஐந்து முறை ஏறியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி: முதல் தடவை போகிறேன். எந்தப் பாதை நல்லது?

க்ர்மா பள்ளத்தாக்கு. நீளம்தான், ஆனால் க்ரேடாரிட்சா மலைக்குடில் வரைக்கும் பெரும்பாலும் நடைதான். வ்ராத்தா பள்ளத்தாக்குப் பக்கமிருந்து தோமின்ஷெக் வழியிலோ ப்ராக் வழியிலோ போனால், குடிலுக்கு முன்பே, பாறையில் பிடித்து ஏற அடித்த கம்பிவடமும் ஆணிப்படியும் வந்துவிடும். இரவு குடிலில் (2515 மீட்டர்) தங்குங்கள். விடிந்ததும் சிறிய திரிக்லாவின் முகடு வழியாக உச்சி. மதியத்துக்கு முன் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள்.

கேள்வி: வழியில் ஊற்று இருக்குமா?

மேலே நம்பாதீர்கள். மலை முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லைக் கரைத்து, விரிசல் வழியே உள்ளே இறங்கி, அடிவாரத்தில்தான் ஊற்றாகப் பீறிடும். அதனால்தான் அவ்வளவு மழை பெய்தும் மேலே ஓடை கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்து போங்கள்.

கேள்வி: ஹெல்மெட் கட்டாயமா?

கட்டாயம். மேலே போகிறவர் காலில் தட்டிய கல் உங்கள் தலைக்குத்தான் வரும்.

கேள்வி: சாதாரண ஷூ போதுமா?

போதாது. முகட்டில் கால் வைக்கும் இடமெல்லாம் பலர் மிதித்து மிதித்துப் பளிங்காகிவிட்டது. காய்ந்திருந்தால் சமாளிக்கலாம். தூறல் விழுந்தால் பாசி படிந்த குளத்துப்படிதான். கையால் வடத்தைப் பிடித்தபடியே என் கால் ஒருமுறை சறுக்கியது. இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையை (ஹார்னஸ்) வடத்தில் மாட்டியிருந்ததால் முழங்கால் சிராய்ப்போடு போனது.

கேள்வி: போன வருஷம் நாலு மணிக்கு உச்சியில் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. மதியத்துக்குள் இறங்கு என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

உங்களுக்கு அன்று வானம் இடம் கொடுத்தது. கோடையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் திரளும். 1822-இல் நிலஅளவைக்கு ஏறிய குழுவில் ஒருவர் மின்னல் தாக்கி உச்சியில் இறந்தார்.

கேள்வி: இரும்புவடம் மின்சாரத்தைப் பாறைக்குள் இறக்கிவிடுமே? அப்படியானால் வடத்தின் பக்கத்தில் இருப்பதுதானே பாதுகாப்பு?

இல்லை, இது ஆபத்தான நினைப்பு. காய்ந்த சுண்ணாம்புக்கல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மின்னோட்டம் வடத்தின் நீளத்துக்கும், நனைந்த பாறை மேலும், விரிசல் வழியாகவும் ஓடும். வடத்தில் மாட்டியிருப்பவர் அந்தப் பாதையிலேயே நிற்கிறார். இடி கேட்டபின் முடிவெடுக்கலாம் என்று இருக்காதீர்கள். அப்போது பாதி முகட்டில் இருப்பீர்கள், வடத்தை விடவும் முடியாது.

கேள்வி: உச்சியிலுள்ள இரும்புக் கோபுரத்துக்குள் ஒதுங்கலாமே? அதற்காகத்தானே கட்டினார்கள்?

1895-இல் பாதிரியார் யாகோப் அல்யாஷ் அந்த உச்சி நிலத்தை வாங்கி நிறுவிய கோபுரம் அது. ஒதுங்கவும் உதவும் என்றுதான் வைத்தார். ஆனால் அதை எட்ட, மலையின் மிக உயர்ந்த புள்ளிக்கே நீங்கள் ஏற வேண்டும். புயலில் ஒதுங்க அங்கே ஓடாதீர்கள். இறங்குங்கள்.

கேள்வி: மதியம் ஒரு மணிக்குக் குடிலிலிருந்து கிளம்பலாமா?

கூடாது. மேலே மூன்று பதில்களைப் படியுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். போட்டுக்கொண்டால் சரி.

கேள்வி: வடக்கு முகத்தில் ஏற ஆசை.

சுமார் ஆயிரம் மீட்டர் செங்குத்துச் சுவர் அது. நான் வ்ராத்தாவில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. கயிறு கட்டி ஏறுகிறவர்களைக் கேளுங்கள்.