வாசகர் கேள்வி–பதில்: கடிக்கும் பிள்ளையை அடிக்காமல் திருத்த முடியுமா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள ஒரு தாஸ்காவில் (குழந்தைகள் காப்பகத்தில்) நான் உதவியாளராக வேலை செய்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வேலை செய்வோரின் பிள்ளைகள். மூன்று வயது முடிந்த ஒரு பையன் அடிக்கடி மற்றவர்களைத் தள்ளுகிறான். இந்த மாதம் இருவரைக் கடித்தும் விட்டான். மூலையில் உட்கார வைத்தால் அழுகிறான். எழுந்து வந்ததும் பழையபடியேதான். ரோத்தானை (பிரம்பை) மேசைமேல் வைத்தாலே அடங்கிவிடுவான் என்கிறார் உடன் வேலை செய்யும் அக்கா. அடிக்காமல், மிரட்டாமல் திருத்த வழி உண்டா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, வழி உண்டு. அவன் கடித்த பிறகு என்ன செய்வது என்று கேட்பதற்கு முன், கடிப்பதற்குச் சற்று முன்னால் அந்த அறையில் என்ன நடந்தது என்று பார்க்கத் தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், அருகில் யார், அப்போது அவன் கையில் என்ன இருந்தது, பிறகு பெரியவர்கள் என்ன செய்தார்கள். குணம் கெட்டது என்று நாம் நினைக்கிற பல செயல்கள், எழுதிப் பார்த்தால் குறிப்பிட்ட ஒரு நேரத்திலோ ஓர் இடத்திலோ வந்து குவிவதைக் காண்பீர்கள்.

பதினொரு மணிக்கு மேல்தான் அவன் கடிக்கிறான் என்றால், முதலில் தூக்கத்தையும் பசியையும் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் தாய் அவனை எத்தனை மணிக்கு எழுப்பியிருப்பார்? மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. விடியற்காலையிலேயே எழுப்பப்பட்ட பிள்ளைக்குச் சோற்றை அரை மணி நேரம் முன்னதாகக் கொடுத்து, பாயையும் முன்னதாக விரித்துவிடுங்கள். இதைச் சலுகையாக நினைத்து யாரும் தயங்க வேண்டியதில்லை.

கை கழுவும் குழாயடியில்தான் தள்ளுகிறான் என்றால், காத்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். வெறுங்கையோடு வரிசையில் நிற்பது இந்த வயதுக்கு மிகவும் கடினமான வேலை. இருவர் இருவராக அனுப்பி, மற்றவர்களைப் பாயில் உட்கார வைத்துப் பாடச் சொல்லுங்கள். எல்லாரும் கேட்கிற பொம்மை லோரி ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதே போல் இன்னொன்று வாங்கித் தருமாறு நடத்துநரிடம் கேளுங்கள்.

மொழியையும் கவனியுங்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளை, மலாய் பேசும் பிள்ளைகள் நடுவில் வந்து உட்காரும்போது, கேட்க வேண்டியதைக் கேட்க வாயில் சொல் இல்லாமல் பல்லால் கேட்கிறது. "அடுத்தது நான்", "நிறுத்து, எனக்குப் பிடிக்கல" என்ற இரண்டையும் தமிழில் சொல்லிக் கொடுத்து, மலாயில் "கிலிரான் சாயா" (என் முறை) என்பதையும் பழக்கிவிடுங்கள். சண்டை நடக்கும்போது இவை மண்டையில் ஏறா. காலையில் அவன் மகிழ்ச்சியாக இருக்கும்போது, பொம்மைகளைப் பேச வைத்து விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடித்துவிட்டால், இருவருக்கும் நடுவில் மண்டியிட்டு உட்காருங்கள். கடிபட்ட பிள்ளையை முதலில் கவனித்து, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியை வையுங்கள். பிறகு பையனின் கண்ணுக்கு நேராக, குரலை உயர்த்தாமல், "கடிச்சா வலிக்கும். கடிக்க விடமாட்டேன். லோரி வேணும்னா 'அடுத்தது நான்'னு கேளு" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் பேசினால் அவன் காதில் ஏறாது. அவன் அப்படிக் கேட்டுவிட்டால், அவன் முறை உண்மையாகவே வர வேண்டும். கேட்டும் கிடைக்காத பிள்ளை அடுத்த முறை கேட்காது. மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைவிட, அந்த ஈரத்துணியை எடுத்து வரச் சொல்லலாம்.

அக்கா சொன்ன ரோத்தானைப் பற்றி: நம்மில் பலர் அப்படித்தான் வளர்ந்தோம், அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மேசைமேல் இருக்கும் பிரம்பு, பெரியவர் பார்க்கும்போது மட்டும் அடங்கியிருக்கத்தான் கற்றுக்கொடுக்கும். தன்னைத் தானே அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதை மூன்று வயதில் மிரட்டி வரவழைக்க முடியாது. மூலையில் தனியாக உட்காரும் பிள்ளை, லோரியை எப்படிக் கேட்பது என்பதை அங்கே கற்றுக்கொள்வதும் இல்லை. மேலும், தாஸ்காக்கள் 1984ஆம் ஆண்டுக் குழந்தைகள் காப்பகச் சட்டத்தின் கீழ் நடப்பவை. மூன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது விதி. உங்கள் அறையில் அதற்கு மேல் இருந்தால், பையனைப் பற்றிப் பேசுமுன் நடத்துநரிடம் அதைப் பேச வேண்டும்.

தாயிடமும் பேசுங்கள், ஆனால் மற்றப் பெற்றோர் நிற்கும் வாசலில் வேண்டாம். வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறதா, இரவு எப்போது தூங்குகிறான் என்று கேளுங்கள். மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில்) காதையும் பேச்சையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: என் பேரனுக்கு நான்கு வயது. பாலர் பள்ளி வாசலில் தினமும் அழுகிறான். கைப்பேசி தருகிறேன் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புகிறேன். இது சரியா?

பதில்: வேண்டாம், அம்மா. அழுதால் கைப்பேசி கிடைக்கும் என்று அவன் கணக்குப் போட்டுவிடுவான். இந்த வயதில் திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். அவன் பார்க்காதபோது நழுவிப் போய்விடாதீர்கள். அது மறுநாள் அழுகையைக் கூட்டும். தினமும் ஒரே மாதிரி ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, "சோறு சாப்பிட்டு முடிச்சதும் பாட்டி வந்துடுவேன்" என்ற ஒரே சொல் போதும். சொன்னபடி வந்துவிடுங்கள்.

கேள்வி: நல்லபடி நடக்கும் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டையை வகுப்பில் மாட்டலாமா?

பதில்: நான் மாட்டமாட்டேன். யாருக்கு நட்சத்திரம் குறைவு என்பதைத்தான் அந்த அட்டை எல்லாருக்கும் காட்டுகிறது. வியன்னாவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ருடால்ஃப் டிரைக்கர்ஸ், பரிசும் புகழ்ச்சியும் வேறு, ஊக்கம் வேறு என்று வலியுறுத்தினார். "நல்ல பிள்ளை" என்பதற்குப் பதிலாக, "கலர் பென்சிலை எல்லாம் டின்னில் போட்டுட்ட, இப்ப தம்பி நடந்து வர இடம் இருக்கு" என்று, செய்ததையும் அதனால் யாருக்கு என்ன பயன் என்பதையும் சொல்லுங்கள். வகுப்பிலேயே அதிகம் குறும்பு செய்யும் பிள்ளையிடம் இதை முதலில் சொல்லிப் பாருங்கள்.